அரை நாலு

"லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் முந்நூத்தி அறுபது கிலோமீட்டர். விமானத்துல ஒரு மணி பத்து நிமிஷம். இதையே நேரத்துக்குத் தாண்டத் தெரியாதவன் குடும்பம் நடத்துவானாம்!" என்று பொரிந்தார் ரூலோஃப்.

ரயில் கால அட்டவணை தயாரித்தே ஓய்வு பெற்ற அவர், நேரம் தவறுகிறவன் மருமகனாக முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஆம்ஸ்டர்டாம் நேரப்படி மூன்றரைக்கு வருவதாகத் தன் லண்டன் காதலன் நைஜல் சொன்னதாய் மகள் சாஸ்கியா சொல்லியிருந்தாள். இப்போது நான்கு இருபத்தைந்து.

"சரியாத்தாம்ப்பா கேட்டேன்" என்று கலங்கிய மகள், கைப்பேசியில் அவன் குரற்செய்தியை ஓடவிட்டாள். தட்டுத்தடுமாறிய டச்சு: "அரை நாலுக்கு வருவேன்."

"டச்சுலயா பேசறான்?"

"உங்களுக்காக ஆறு மாசமாப் படிக்கிறாருப்பா."

ரூலோஃப் வாய்விட்டுச் சிரித்தார். டச்சுக்காரருக்கு 'அரை நாலு' என்றால் நான்காக அரைமணி இருக்கிறது, அதாவது மூன்றரை. ஆங்கிலேயருக்கோ அதுவே நாலரை!

சரியாக நாலரைக்கு அழைப்புமணி ஒலித்தது. ரூலோஃப் மகளை முந்திச் சென்று கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! நேரம் தப்பல, இலக்கணந்தான் கொஞ்சம் தப்பு."