சேர்த்துத் தைத்தது

சித்தி அம்மாவிடம் குசுகுசுத்தது எனக்கு வடிவாகக் கேட்டது.

“பிள்ளை நித்திரை கொண்டாப்பிறகு வெளிக்கிடுங்கோ அக்கா. அவள் அழுதா நீங்கள் வானுக்கை ஏற மாட்டியள்.”

அம்மா குவைத்துக்குப் போகிறார். இரண்டு வருடம். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக விடிய நாலு மணிக்கு வான் வரும்.

நித்திரையா? நானா? நல்ல கதைதான்!

லேஞ்சியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் குந்தினேன். பயணத்துக்கென்று வாங்கிய நீலப் பஞ்சாபிச் சட்டையோடு அம்மா பக்கத்தில் சரிந்து படுத்திருந்தார்.

தையல் எனக்குப் புதிது. போன மாதம்தான் குணலட்சுமி ரீச்சர் சொல்லித்தரத் தொடங்கினார். மடியில் துணியை வைத்துத் தைத்துவிட்டு எழும்பினால், என் சட்டையும் சேர்ந்து தைபட்டிருக்கும். மூன்று தரம் அப்படி ஆகிவிட்டது. வகுப்பு சிரித்தது போதாதென்று வீட்டில் சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

முகம் துடைக்கிற இந்த லேஞ்சியையாவது ஒழுங்காகத் தைத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு ஓரம்தான்.

ஊசி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

சிவப்பு நூல் நீண்டுகொண்டே போனது. யன்னலைத் தாண்டி, புத்தூர்ச் சந்தியைத் தாண்டி, கடலுக்கு மேலே. அதைப் பிடித்தபடி நான் நடந்தேன். கால் நனையவேயில்லை. மற்ற நுனி அம்மாவிடம் இருந்தது. நான் இழுத்தேன். அவரும் இழுத்தார்.

வாசலில் ஹோர்ன் சத்தம்.

ஐயோ, நித்திரையாகிவிட்டேன்!

பதறி எழும்பினேன். அம்மா போகவில்லை. பக்கத்திலேயே இருந்தார்.

நான் எழும்ப, அவருடைய நீலச் சட்டையின் விளிம்பும் என்னோடு எழும்பியது. அதையும் என் சட்டையையும் சிவப்பு நூல் சேர்த்துப் பிடித்திருந்தது.

“நாலாம் தரம்!” சித்தி தலையில் அடித்துச் சிரித்துக்கொண்டு கத்தரிக்கோல் எடுக்க ஓடினார்.

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. குனிந்து பார்த்தேன்.

என் தையல் ஒவ்வொன்றும் அரை விரல் நீளம், கோணல்மாணல். இது அரிசிமணி அளவு. நேர்க்கோடு. கடைசியில் இரட்டை முடிச்சு.

எனக்கு முடிச்சுப் போட இன்னும் தெரியாது.

அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைத் தோளில் என் ஊசி குத்தியிருந்தது, மிச்ச நூலோடு.