மீசை வைத்த பூசணிக்காய்

அவள் மீசையை இன்னும் கொஞ்சம் தடியாக வரைந்தாள்.

வெள்ளைப் பூசணிக்காய். கருப்பு மார்க்கர். பிதுங்கிய கண், கோரைப் பல், முறுக்கிய மீசை. ஊரில் கட்டுகிற வீட்டுக்கு முன்னால் திருஷ்டிக்குத் தொங்குமே, அந்த முகம். பயமுறுத்துகிற முகம் என்று அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இங்கே பேய்க்கு மீசை கிடையாது என்று மகள் ஆதிரை சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

டொரொண்டோவுக்கு வந்து ஏழு வாரம். அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு, வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள் என்பதே போன வாரம்தான் தெரியும்.

ஆதிரை சொல்லித்தான் தெரியும்.

ஆறு வாரமாக வகுப்பில் வாயே திறக்காதவள். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டார். அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை மூன்று பெண்களிடம் முதன்முதலாகப் பேசியிருக்கிறாள். எங்கள் வீடுதான் தெருவிலேயே பயங்கரமாக இருக்கும், வாருங்கள் என்று.

ஏழு வயது வாய். அது கொடுத்த வாக்கை அம்மாதான் காப்பாற்ற வேண்டும்.

கருப்பு, வெள்ளை. வேறு நிறமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். கருப்புக்குக் குப்பைப் பை இருந்தது. வெள்ளைக்குக் கணவனின் வேட்டி. அவனைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டான்.

குப்பைப் பையை வெட்டி வௌவால்கள். வேட்டியைக் கிழித்து ஏழு பேய்கள், தலைக்குள் கசக்கி உருட்டிய விளம்பரத் தாள். மிச்சத்தில் ஆதிரைக்கு ஒரு பேய்ச் சட்டை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கரை பச்சையாக இருந்தது. அதை உள்ளே மடித்துத் தைத்துவிட்டாள்.

ஆறு மணி.

எல்லாவற்றையும் வாசலில் கட்டிவிட்டுத் தெருவில் போய் நின்று பார்த்தாள்.

துணி காயப்போட்ட மாதிரி இருந்தது.

 வாசல் விளக்குதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. முடிச்சு, தையல், கழுத்துக்குக் கீழே எட்டிப்பார்க்கும் தாள்.

தினமும் சாயங்காலம் அந்த விளக்கைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் அவள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலை இருட்டாக வைத்ததே கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டு அணைத்தாள்.

பேய்கள் மிதந்தன. மீசைக்காரன் முறைத்தான். ஆதிரை கை தட்டினாள்.

ஆறரைக்குத் தெரு நிரம்பியது.

மிட்டாய்க் கிண்ணத்தோடு இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். பிள்ளைகள் எதிர்வீட்டுக்குப் போனார்கள். அதற்கடுத்த வீட்டுக்குப் போனார்கள். இந்த வீட்டைத் தாண்டிப் போனார்கள்.

மீசையினாலா?

மத்தியானம் தாளித்த வாசனை இன்னும் போகவில்லையா? அல்லது அவர்கள் அம்மாக்கள் ஏதாவது சொல்லி அனுப்பினார்களா? ஒவ்வொன்றாக யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது.

ஏழு மணிக்கு அந்த மூன்று பெண்களும் வந்தார்கள். ஆதிரை ஜன்னல் திரையை இறுகப் பிடித்துக்கொண்டதில், அவர்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி முதுகில் தேனீச் சிறகு. வீட்டுக்கு நேராக நின்றார்கள். வாசலைப் பார்த்தார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள்.

போய்விட்டார்கள்.

ஆதிரை ஜன்னலை விட்டு நகர்ந்தாள். பேய்ச் சட்டையைக் கழற்றினாள். நான்காக மடித்து அம்மா கையில் கொடுத்தாள்.

அழுதிருந்தால் தேவலை.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், பேய்களை அவிழ்க்க வெளியே போனாள். இருட்டில் முடிச்சு பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு சுகந்தினி அக்கா வேலை முடிந்து வந்து காரிலிருந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

எல்லா வீட்டுக்கும் போகிறார்கள், எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று சொன்னாள்.

அக்கா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“லைற்றை நூத்து வைச்சிருக்கிறியள். இண்டைக்கு லைற் எரியாட்டி, வரவேண்டாம் எண்டு அர்த்தம்.”

அவள் ஓடினாள்.

வாசல் விளக்கு. கூடத்து விளக்கு. மாடிப்படி விளக்கு. குளியலறையைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

அந்தத் தெரு ஒரு முனையில் முட்டி நின்றுவிடும். போனவர்கள் இதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். இன்னும் திரும்பியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது தெருக்கோடியில் மூன்று டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. தெருவின் எதிர்ப்பக்கமாக வந்தன. மூன்று பேரும் தலையைக் குனிந்து பைக்குள் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். நேராக வீட்டுக்குப் போகிற நடை.

கூப்பிட வேண்டும். அவளுக்குப் பெயர் தெரியவில்லை.

தோளில் போட்டிருந்த பேய்ச் சட்டையை யாரோ பிடுங்கினார்கள். ஆதிரை. போட்டுக்கொண்ட அவசரத்தில் சட்டை முன்பின்னாகத் திரும்பிவிட்டது, கண் ஓட்டைகள் இரண்டும் பின்னந்தலையில் இருந்தன. அம்மா சரிசெய்யக் கை நீட்டினாள்.

அதற்குள் ஆதிரை, ஒன்றும் தெரியாத துணிக்குள்ளிருந்து, தெருவே திரும்பும்படி கத்தினாள்.

ஒரு பெயர். வீட்டில் அதுவரை சொல்லாத பெயர்.

எதிர்ப்பக்கத்தில் தேனீச் சிறகு நின்றது.