வலது கை

குப்பைக்கூடையில் மஞ்சள் இலைகள் கிடந்தன.

மிளகளவு இலைகள். காகிதத்தில் வெட்டுப்பட்டு விழுந்தவை.

இந்த வாரம் முழுக்க அவள் மஞ்சள் தாளைத் தொடவே இல்லை.

மேசைக்குத் திரும்பினாள். பொங்கல் வாழ்த்து அட்டைகள் பாதி வேலையோடு அடுக்கியிருந்தன. பக்கத்தில் பார்டர் பஞ்ச், ஓரம் வெட்டும் கருவி. அட்டையின் ஓரத்தை அதன் வாயில் செருகி பலமாக அழுத்தினால் இலைக்கொடி வெட்டி வரும். நகர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். முந்தைய இலையோடு அடுத்த இலை சேர வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் அட்டை வீண்.

கடைக்காரர் கேட்டது நூறு. நாற்பதுதான் முடிந்திருந்தது. அதற்குள் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

யாரோ பார்டர் பஞ்சைத் தொட்டிருக்கிறார்கள்.

முதலில், வீட்டு வேலைக்கு வரும் ரெஜினாவைத்தான் சந்தேகப்பட்டாள். ரெஜினா இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். அந்த இரண்டு நாளும் கூடையில் இலைகள் விழுந்தன.

மிச்சம் இருப்பது அத்தை. அவள் கணவனைப் பெற்றவள்.

ஆனால் அத்தைக்குத்தான் வலது கை வராதே.

ஆவணியில், சென்னையில் மூத்த மகன் வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கை சரியாகும்வரை திருச்சியில் இளையவன் வீட்டில் இருக்கட்டும், சரியானதும் திரும்பட்டும் என்று பேச்சு. மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. விரல் மடங்கவில்லை என்கிறாள்.

தலை வாரிவிடுவது அவள். புடவை கட்டிவிடுவது அவள். சோற்றைப் பிசைந்து, ஸ்பூனை இடது கையில் கொடுப்பது அவள்.

அன்று அத்தையின் படுக்கை விரிப்பை மாற்றும்போது மெத்தைக்கடியில் ஒரு பழைய காலண்டர் தட்டுப்பட்டது. உள்ளே மஞ்சள் தாளின் துண்டுகள்.

அடியில் இருந்த துண்டில் வெட்டே விழவில்லை. வெறும் தடம். அழுத்தப் பலமில்லாத கை.

அடுத்ததில் இலைகள் பாதி வெட்டுப்பட்டுத் தொங்கின.

அதற்கடுத்ததில் கொடி கோணிக்கொண்டு ஓடியது.

மேலே இருந்த துண்டு அவள் வெட்டுவதைவிடச் சுத்தமாக இருந்தது.

இருந்ததை இருந்தபடியே வைத்து மெத்தையை மூடினாள்.

மத்தியானம் அத்தை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை ஸ்பூனோடு தடுமாறியது. வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. விரல் கொஞ்சமாவது மடங்குகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் அத்தை, தட்டைப் பார்த்தபடி.

இரண்டு மாதம். எத்தனை தலை வாரல். எத்தனை கொசுவம்.

அவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை, முடிந்த அட்டைகளைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். தெருமுனை மருந்துக்கடைவரை போனாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பினாள்.

மாடிப்படியிலேயே கேட்டது.

டக்.

சற்று இடைவெளி.

டக்.

சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள்.

அத்தை மேசைமுன் நின்றுகொண்டிருந்தாள். உடம்பின் மொத்தக் கனமும் வலது உள்ளங்கைமேல் இருந்தது. நெற்றியில் வேர்வை.

அவளைப் பார்த்ததும் அத்தை திடுக்கிடவில்லை. கையை மெல்ல இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரியாயிட்டா அனுப்பிருவீங்கல்ல" என்றாள். "அங்க போனா மறுபடியும் அடுப்படிதான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

கைபேசி அடித்தது. சென்னையிலிருந்து ஓரகத்தி பிரமிளா. வியாழன்தோறும் கூப்பிடுவாள். கை எப்படி இருக்கிறது, பொங்கலுக்கு முன்னால் அனுப்பிவிடலாமா, டிக்கெட் போடட்டுமா, ஆள் இல்லாமல் திண்டாட்டமாக இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினாள்.

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள்.

"எங்க சரியாச்சுக்கா?" என்றாள். "டம்ளர்கூடப் பிடிக்க வரல."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போனை வைத்ததும் அவளுக்கு மனசு லேசானது. தன்னையே கொஞ்சம் பிடித்துப்போனது. இந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக அத்தையின் தோளில் கை வைத்தாள். பிறகு குனிந்து, பஞ்சின் வாயில் இருந்த மஞ்சள் துண்டை உருவிப் பார்த்தாள்.

இலையோடு இலை சேர்ந்திருந்தது. இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை.

நாளை மறுநாள் கடைக்காரர் நூறு அட்டைகளுக்காக வருவார்.

அட்டைக் கட்டை எடுத்து அத்தைமுன் வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"இதுங்களுக்கும் நீங்களே ஓரம் வெட்டிக் குடுத்துருங்க அத்தை. யாருக்கும் தெரியவேணாம்."

அத்தை நிமிர்ந்தாள். அட்டைகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

பிறகு நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.