சத்தம் குடிக்கும் அறை

“பொண்டாட்டி பேச்சுக்குப் பயந்து ரூம் முழுக்க நுரை ஒட்டப் போறவனை இப்பத்தான்யா பாக்குறேன்,” என்றார் ஃபோர்மேன்.

அவன் சிரித்தான். சாப்பாட்டு இடைவேளை. மெத்தைக்கும் கார் கூரைக்கும் நுரைப்பஞ்சு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவர்கள் இருவர் மட்டும். மேஜைமேல் சாம்பல் நிறக் கழிவுத் துண்டுகள் மேகக் குவியலாகக் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்து, ஊசிகள் பதித்த உருளையை அதன்மேல் உருட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லா இருக்கிற நுரையை எதுக்குக் குத்திப் புண்ணாக்குறே?”

“உள்ள இருக்கிற குமிழ்ல பாதி மூடிக் கிடக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு தோல். சத்தம் வந்து அதுல முட்டித் திரும்பிடுது. ஓட்டை போட்டுட்டா உள்ள நுழையும். நுழைஞ்சா வெளியே வர வழி தெரியாது.”

சொல்லும்போதே அவன் கண்கள் எங்கோ போயின. வாசல் தெரியாத ஆயிரம் அறைகளில் ஒரு சத்தம் அலைகிறது. அலைந்து, களைத்து, கடைசியில் ஒரு சொட்டு வெதுவெதுப்பாகி அடங்கிப்போகிறது. சில நாட்களாகத் தூக்கத்திலும் அவனுக்கு இதே கனவுதான். தெருவில் போகும் பஸ், தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் தலை குனிந்தபடி வரிசையாக நுரைக்குள் நடந்து போகும். ஒன்றும் திரும்பி வராது.

துண்டை வட்டமாக வெட்டிச் சோதனைக் குழாயின் ஒரு முனையில் பொருத்தினான். மறுமுனையில் ஸ்பீக்கர். கீச்சென்ற சத்தங்களை நுரை சர்க்கரைத் தண்ணீர் போலக் குடித்தது. அடிவயிற்றிலிருந்து உறுமும் சத்தம் வந்ததும் திணறியது. பத்தில் மூன்று பங்குதான் உள்ளே போனதாக மீட்டர் காட்டியது.

“அவ்வளவுதான் குடிக்கும், விட்டுத் தள்ளு,” என்றார் ஃபோர்மேன். “வீட்டுக்கு வீடு வாசப்படி. முப்பது வருஷமா நான் கேக்கலையா? ஒரு காதுல வாங்கி மறு காதுல விடக் கத்துக்கணும்.”

“வெள்ளிக்கிழமை அவ வந்துடுவா சார். அதுக்குள்ள ரூம் ரெடியாகணும்.”

“ஆறு வாரமா ஆளைக் காணோமே. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சா?”

அவன் உருளையில் ஒட்டியிருந்த நுரைத்தூளை ஊதினான்.

“சரி, ரூம் ரெடியாகலன்னா?”

“ஆகலன்னா, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்து என்ன பிரயோஜனம்?”

ஃபோர்மேனின் கேலி சட்டென்று இறங்கிப்போனது. தாடையைச் சொறிந்துகொண்டார். “அது என்னமோ வாஸ்தவம்தான். நீ எங்க தெருவுக்குக் குடி வந்தன்னிக்கு மாடியில நின்னு உன்னைக் கூப்பிட்டுச்சே, தெருக்கோடியில போய்க்கிட்டிருந்த நான் திரும்பிப் பாத்தேன். வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்காத பொண்ணுய்யா.”

“தெரியும் சார்.”

அவன் மறுபடி குழாயைத் திறந்தான். நுரையை, முனையை மூடியிருந்த தகட்டோடு ஒட்ட வைக்காமல் நாலு விரல் முன்னால் இழுத்து வைத்தான். பின்னால் வெறும் காற்று. மீண்டும் அந்த உறுமல். மீட்டர் முள் மெல்ல ஏறியது. நாலு. ஐந்து. ஏழில் போய் நின்றது.

“பாத்தியா?” என்றார் ஃபோர்மேன், தானே கண்டுபிடித்ததுபோல. “எதா இருந்தாலும் நாலு விரல் தள்ளி நின்னாத்தான் ஒத்துப்போகும். குடும்பமும் அப்படித்தான்.” கழிவுத் துண்டுகளை வெளியே எடுத்துப்போகச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “மிச்சம் இருந்தா என் வீட்டுக்கும் ஒரு ரூம் போட்டுக் குடு. சம்சாரத்துகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

வெள்ளிக்கிழமை மாலை அவளைக் கைப்பிடித்து அறைக்குள் அழைத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தான். கதவு மூடியதும் தெரு தொலைந்துபோனது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்கு நுரை, நுரைக்குப் பின்னால் நாலு விரல் காற்று. மேகத்துக்குள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்கே கேட்டது.

“ஏதாவது சொல்லேன்,” என்றான்.

அவள் நாலு சுவரையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

தொண்டையில் கட்டியை எடுத்த டாக்டர்கள் அவளுக்கு மிச்சம் வைத்திருந்த மூச்சளவு குரல், ஆறு வாரமாக ஆஸ்பத்திரி இரைச்சலில் அவன் ஒருமுறைகூடக் கேட்டிராத அந்தக் குரல், ஒரு சொல் சிந்தாமல் அவன் காதில் வந்து விழுந்தது: “ஏங்க, இந்த எலி கலரை விட்டா உங்களுக்கு வேற கலரே கிடைக்கலையா?”