மேட்டுக் கச்சேரி

ஒலிபெருக்கி இத்தனை அழகாகக் கூவும் என்று வெர்னா நினைக்கவே இல்லை. சேஜ் கோழி என்னும் காட்டுப் பறவையின் சேவல்கள் நெஞ்சை ஊதிக்கொண்டு பெட்டைகள் முன் ஆடும்போது எழுப்புகிற அதே 'ப்ளுப்... ப்ளுப்' ஓசை, மூடுபனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் பண்ணைக்காரர் டொமிங்கோ தொப்பியை வாயில் கவ்வியபடி குலுங்கினார். கோழிகள் ஆடும் நேரத்தில் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, சத்தமும் போடக் கூடாது. மனிதர் சந்தோஷத்தை வேறு எங்கேதான் வைப்பார்?

"வந்துருச்சு வெர்னா" என்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிசுகிசுத்தார். "தீயில கருகிக் கெடந்த மேடு. நீயும் நானும் முட்டி தேயத் தேய நட்ட சேஜ் புதரு. 'டொமிங்கோ கோழிக்குத் தோட்டம் போடுறான்'னு நெவாடாவே சிரிச்சுதே, இப்ப சிரிக்கச் சொல்லு."

இந்த வசந்தத்திலும் கோழி வராவிட்டால், தான் மேய்ச்சலுக்குக் குத்தகை எடுத்த அந்த அரசு நிலத்தில் மறுபடியும் மாடுகளை இறக்கிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். இளம் புதர்கள் ஒரே வாரத்தில் கூழாகிவிடும். கோழிகளுக்கு ஆசை காட்டலாமென்று, பதிவு செய்த கூவலை மேட்டில் ஒலிக்கவிடச் சொல்லி நேற்று மாலை தன் உதவியாளன் கிளைடை அனுப்பியதே அவள்தான்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கழுகு தாழப் பறந்தது. கூவல் சட்டென்று நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பித்தது. கிளைடு வழக்கம்போல ஒயரை அரைகுறையாகச் செருகியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள்.

டொமிங்கோ அதற்குள் கைபேசியில் மனைவியைப் பிடித்துவிட்டார். "மைட்டே, அந்த நல்ல ஒயினைத் திற. ஆமா, காலங்காத்தாலதான். சர்ச்சுல வெர்னாவுக்கு ஒரு சிலை வைக்கலாமான்னு ஃபாதரைக் கேளு."

சிலை என்றதும் வெர்னாவால் தாங்க முடியவில்லை.

"டொமிங்கோ, அது கோழி இல்லீங்க. ஸ்பீக்கர். நான்தான் வைக்கச் சொன்னேன்."

டொமிங்கோவின் கையிலிருந்த தொப்பி மடியில் விழுந்தது. அவர் மறுபடி கைபேசியைத் தடவினார். "மூடியைத் திருப்பி அடைச்சிரச் சொல்லணும். கிழட்டு மடையனுக்கு ஒயின் ஒரு கேடு."

ஜன்னலை யாரோ மெல்லத் தட்டினார்கள். முழங்கால்வரை சேற்றோடு, ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கிளைடு நின்றான்.

"கோச்சுக்காத வெர்னா, நேத்து பாதி வழியிலயே வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. இந்த ஸ்பீக்கரை இப்ப எங்க வைக்கட்டும்?"