ஏழாம் எண் அட்மின்

பாடகி ஆரபியின் ரசிகர் குழுவில் அட்மின்களுக்குச் சம்பளம் கிடையாது. வசவையும் அழுகையையும் படித்துப் படித்து அவர்கள் நொந்துபோனதால், போன வருடம் ஒரு ஏற்பாடு வந்தது. வேலை நேரத்தில் ஒரு காதுக்கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும்; வேலை முடிந்து அதைக் கழற்றினால், அதுவரை படித்தது, எழுதியது எதுவும் நினைவில் இருக்காது. அட்மின்களில் ஒருத்தியான பெருந்துறை சுகந்தி அதன் பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

இன்று காலை மகள் தர்ஷிகா கேட்காமலே காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

நேற்று மாலை தர்ஷிகா அந்தக் குழுவில் வேறு பெயரில், இனி உயிரோடு இருக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாள். ஏழாம் எண் அட்மின் இரண்டு மணி நேரம் அவளை விடவில்லை. ‘போய் மொகங் கழுவிட்டு வா சாமி, நான் எங்கயும் போயிர மாட்டேன்’ என்று பதில் வந்தபோது, அது அம்மாவின் பேச்சு என்று தர்ஷிகாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் நினைவில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இப்போது வந்திருந்தாள்.

சுகந்தி, குழுவிலிருந்து போனில் வந்திருந்த நன்றிக் கடிதத்தைக் காட்டினாள்.

“நேத்து நான் ஒரு புள்ளையக் காப்பாத்துனனாமா. ஆருன்னே தெரியல.”

“அவகிட்ட என்ன பேசுனீங்கம்மா?”

“ஒண்ணுங்கூட ஞாபகமில்ல.” சுகந்தி ஒரு வாய் காபி குடித்தாள். “பாவம், ஆரு பெத்த புள்ளையோ. அதப் பெத்தவ ஊட்ல என்னத்தப் பாத்துட்டிருந்தாளோ.”