முகம் காட்டாத பேய்

பேய்ப் படத்தில் பயத்தைத் தேடுகிறவன் பாமரன், அரசியலைத் தேடுகிறவனே விமர்சகன் என்பது ஜீஷானின் கொள்கை. கடலோரக் குப்பத்தை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் பேய் புகும் படம் ஒன்று வந்ததும், "தியேட்டர்ல ஏசி ஜாஸ்தியா இருக்கும், பெரிய துப்பட்டாவா போட்டுக்கோ" என்று மனைவி சிம்ராவையும் கிளப்பிக்கொண்டு போனான்.

தி.நகர் வீட்டுக்குத் திரும்பிய கையோடு தன் யூடியூப் சேனலில் பேசித் தள்ளினான்.

"படம் முழுக்கப் பேயோட முகத்தை ஒரு தடவைகூடக் காட்டல. ஏன்? குப்பத்து ஜனங்களை நாம யாரும் ஏறெடுத்துப் பார்க்கறதில்ல. அந்தப் புறக்கணிப்புதான் படத்தோட அரசியல்!"

சிம்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று கையமர்த்தினான்.

மறுநாள் ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், என் பேரு கஸ்தூரி. ஊரூர் குப்பம். அந்தப் படத்துல நடிச்சிக்கீறேன்."

ஜீஷானுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க ஜனங்களுக்காகத்தாம்மா பேசினேன். நீங்க எந்த சீன்ல வர்றீங்க?"

"நான்தான் சார் பேய். படம் பூரா என் மூஞ்சிதான் வருது. குப்பத்துல இன்னும் யாரும் படம் பாக்கல, உங்க வீடியோவைத்தான் பாத்தாங்க. 'இன்னாடி, பேயா நடிச்சேன்னு கத வுட்டியா?'ன்னு கேக்குறாங்க."

போனை வைத்தவன் மெல்லத் திரும்பிச் சிம்ராவைப் பார்த்தான்.

"அதைத்தான் நேத்தே சொல்ல வந்தேன்" என்றாள் அவள், கசங்கிக் கிடந்த துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டபடி. "பேய் வர்றப்பல்லாம் நீங்க இதுக்குள்ளதானே இருந்தீங்க!"